முள் சொன்ன பொய்

போன வாரம் வாலுவின் அம்மாவைப் பிடித்து உலுக்கிவிட்டீர்கள். பெற்றவளுக்குக் கண் இல்லையா என்று பாதிக் கடிதங்களில் கேட்டிருந்தீர்கள். கண்ணுக்கு என்ன குறைச்சல்? கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, இந்த எழுத்து தெரிகிறதா, அந்த எழுத்து தெரிகிறதா என்று ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவள்தான் அவள். வீட்டுக்குள் ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது மட்டும் கண்ணில் படவில்லை. தினமும் பார்க்கிற முகம் மாறுவது யாருக்குத்தான் தெரிகிறது? பொறுங்கள். இந்த வாரம் திட்டுவதற்கு உங்களுக்கு வேறு ஆள் கிடைப்பார்.

பள்ளிக்கூட மாடிப்படியில் வாலு மயங்கி விழுந்தாள், அங்கிருந்து வீட்டுக்கு ஃபோன் வந்தது, அதோடு நிறுத்தியிருந்தேன். வாலு என்றால் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். பதினைந்து வயது. நடக்கக் கற்றதும் மேஜை, அலமாரி, ஜன்னல் என்று எதையும் விட்டுவைக்காமல் ஏறியதற்கு அப்பா கொடுத்த பட்டம் அது. இப்போது நாலு படி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

வெயிலில் நின்றதால் வந்த மயக்கம் என்று வாலு சொன்னாள். அம்மா அதை நம்பவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, டாக்டரிடம் இன்று காலைக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

அப்பாவுக்குத் தராசு ரிப்பேர் வேலை. காய்கறிக் கடைத் தராசிலிருந்து ஆஸ்பத்திரியில் ஆள் ஏறி நிற்கிற மெஷின் வரை எல்லாம் அவர் கைக்கு வரும். ஊரே வெயிட் மெஷின் என்று சொன்னாலும் அவருக்கு அத்தனையும் தராசுதான். வீட்டு முன்னறைதான் பட்டறை. படிக்கற்களை மரப்பெட்டியில் துணி விரித்து அடுக்கி வைத்திருப்பார். வெறுங்கையால் தொட்டால் வியர்வை ஒட்டி எடை மாறிவிடுமாம், யாரையும் தொட விடமாட்டார். சரிபார்த்த ஒவ்வொரு தராசிலும் நகம் அளவு சிவப்பு வில்லை ஒன்றை ஒட்டுவார். அதன் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு முள். அந்த வில்லை இருந்தால் சந்தையில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

வாலுவுக்கும் அப்படித்தான். அம்மா சொன்னால் நூறு கேள்வி கேட்பாள். அப்பா சொன்னால் அதோடு சரி.

இன்று காலையும் வழக்கம்போல் குளியலறைப் பக்கம் தராசு கிறீச்சிட்டது. வாலு ஏறி நிற்கிறாள். அப்புறம் ஃபோன் காமிரா சத்தம். வெளியே வந்தவள் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தராசுக்காரர் ஏன் தலையைக் குனிந்துகொண்டார் என்று கேட்டால், அதுதான் இந்த வாரத்துக் கதை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு காலை. வாலு அந்தத் தராசின்மேல் நின்று அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லாத அழுகை. அப்பாவைப் பார்த்ததும், அப்பா, இது சரியா இருக்கா பாரு, கூட காட்டுது என்றாள். அவர் படிக்கற்களை வைத்துப் பார்த்தார். அப்பழுக்கில்லாமல் சரியாக இருந்தது. சரியாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு மகள் முகத்தைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அன்று அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டு அப்படியே திரும்பிப் போனது. மூன்றாம் நாள், அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, அப்பா அந்தத் தராசைக் கவிழ்த்துப் பிரித்தார். உள்ளே இருந்த கொக்கியை ஒரு பள்ளம் தள்ளி மாட்டி மூடினார். ஆள் இல்லாதபோது முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். ஆள் ஏறினால்தான் குறைத்துக் காட்டிப் பொய் சொல்லும். நேர் எதிர்ப்பக்கமாக இதே வேலையைச் செய்த ஒரு கறிக்கடைக்காரரை நடுச்சந்தையில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவர் இவர்.

நீ சொன்னது சரிதான், கூடத்தான் காட்டிட்டிருந்துச்சு, சரி பண்ணிட்டேன் என்று சாயங்காலம் மகளிடம் சொன்னார். வாலு ஏறிப் பார்த்தாள். அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அன்று ராத்திரி வெண்ணெய் தடவி ஒரு ரொட்டி சாப்பிட்டாள்.

அந்த ஒரு ரொட்டியில் மனுஷர் ஏமாந்துபோனார்.

அப்புறம் முள் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அவர் பயப்படவில்லை. முள் காட்டுவதோடு தான் திருடிய எடையை மனசுக்குள் கூட்டிக்கொள்வார். கிட்டத்தட்ட வாலு பிறந்தபோது இருந்த எடை அது. அவர்தான் அன்று அவளைத் தன் தராசில் வைத்து நிறுத்தவர், மறக்குமா? கூட்டிப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றும். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அவள் கவலைப்பட்டபோதெல்லாம், வளர்ற வயசு, சரியாயிடும் என்று வாயை அடைத்தார்.

இன்று காலை அம்மா பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டே, டாக்டர் முதலில் எடைதான் பார்ப்பாராம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். தராசுக்காரர் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அந்த டாக்டரின் தராசு சரியான தராசு. போன மாதம் அவரே போய்ப் பழுது பார்த்து வில்லை ஒட்டிவிட்டு வந்தது. காலையில் வீட்டில் ஓர் எண்ணைப் பார்த்துச் சிரித்த பெண், இன்னும் சற்று நேரத்தில் அங்கே வேறோர் எண்ணைப் பார்க்கப் போகிறாள்.

நாளைக்குப் போகலாமே என்று இழுத்தார். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

பஸ்ஸில் அம்மாவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. அப்பாவும் மகளும் பின் இருக்கையில் உட்கார்ந்தார்கள். எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நிறுத்தமாக வார்த்தையைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. வாலு ஃபோனுக்குள் இருந்தாள்.

முகத்தில் பரு போக என்ன செய்யலாம் என்று அவள் முதலில் தேடிப்போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. பருவில் தொடங்கிய வீடியோ கன்னத்துக்குப் போனது, கன்னத்திலிருந்து இடுப்புக்கு. ஒன்றைப் பார்த்தால் ஒன்பது வந்து நின்றது. ஒன்பதையும் பார்த்தவளை, உன்னை மாதிரியே இங்கே நிறைய பேர் இருக்கோம் என்று ஒரு குழு கூப்பிட்டது. 'இறகு' என்று பெயர். பெற்றவர்களுக்கு அது தெரியாது. பாட்டு, பூனைக்குட்டி வீடியோ ஏதாவது பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள், ஊர் சுற்றவில்லை என்று அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

தராசுக்காரர் தற்செயலாகத்தான் மகள் ஃபோனைப் பார்த்தார். முதலில் தெரிந்தது அவர் வீட்டுக் குளியலறைத் தரை. அப்புறம் இரண்டு கால். அப்புறம் அவருடைய தராசு, ஓரத்தில் அவருடைய சிவப்பு வில்லை, நடுவில் அவர் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொல்லிக்கொண்டு முள்.

கீழே வரிசையாக இதயங்கள். அதற்கும் கீழே யார் யாரோ பெண்கள் எழுதியிருந்தார்கள். 'மின்மினி' என்று ஒருத்தி. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூனைப் படம், பதின்மூன்று வயது என்று போட்டிருந்தது.

அவள் எழுதியிருந்தது இதுதான்: 'வாலு அக்கா, நின்னா கண்ணு இருட்டுது. ஆனா உங்க நம்பருக்கு இன்னும் கொஞ்சம்தான். விடமாட்டேன்.'

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். தன் வீட்டுக்குள் ஒரு பெண்ணைச் சாப்பிட வைக்க என்று சொன்ன பொய். அது எந்த வீட்டிலோ இருக்கிற ஒரு குழந்தையைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறது. வாலு ஒருநாளும் தொடாத எண்ணை அந்தக் குழந்தை துரத்திக்கொண்டிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு இப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

அவர் கூப்பிட வாயெடுத்தபோது அம்மா எழுந்து, இறங்கணும் என்றாள்.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். வாலுவின் விரல் நகங்களைப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு தராசைக் காட்டி, முள்ளுக்கு முதுகைக் காட்டி நில்லும்மா, நம்பரை நான் மட்டும் பார்த்துக்கறேன் என்றார்.

எதற்கு என்று வாலு கேட்டாள். இங்கே அப்படித்தான் வழக்கம் என்றார் டாக்டர். வாலு குனிந்து தராசின் ஓரத்தைப் பார்த்தாள். சிவப்பு வில்லையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இது எங்கப்பா சரி பண்ணினது டாக்டர். இதைப் பாக்க எனக்கு என்ன பயம்?"

ஏறினாள். டாக்டர் தடுப்பதற்குள் திரும்பியும் பார்த்துவிட்டாள்.

தராசுக்காரர் முள்ளைப் பார்க்கவில்லை. அது எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். மகளின் முகத்தைத்தான் பார்த்தார். ரத்தம் சுண்டிப்போன முகம். ஒரே காலையில் ஒரு கைக்குழந்தையின் எடை தன்மேல் ஏறிவிட்டதாக நம்புகிற பெண்ணின் முகம்.

"அப்பா, இது தப்பு. தப்புன்னு சொல்லுப்பா."

தராசில் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்புவாள். சிரிப்புகூடத் திரும்பிவிடும். டாக்டரைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது என்று நான் சொல்லாவிட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். அப்போது அவருக்கு அந்தப் பூனைப் படம் நினைவு வந்தது.

"இது சரியா இருக்கும்மா. நம்ம வீட்டுல இருக்கறதுதான் தப்பு. நான்தான் கொக்கியை மாத்தி வெச்சேன். நீ சாப்பிடுவேன்னு."

அம்மா கணவரையே பார்த்தாள். இத்தனை நாளும் 'சரியாயிடும், சரியாயிடும்' என்று அவர் சொன்னதெல்லாம் அவள் காதுக்குள் வரிசையாகத் திரும்பி வந்தது. எரிச்சலில் கைப்பையின் வாரைப் பிய்த்துவிடுவாள் போல் முறுக்கினாள். ஊரார் பார்வையையெல்லாம் திருத்தினேனே, எனக்கு நீங்களே கண்ணைக் கட்டி விட்டீங்களே என்று மெல்லிய குரலில் சொன்னாள். அதற்கு மேல் சண்டை போட அது இடமில்லை.

வாலு தராசிலிருந்து இறங்கினாள். பேசக் கற்ற நாளிலிருந்து அப்பாவை 'நீ' என்றே கூப்பிட்டவள் அவள்.

"நீங்களும் பொய்யா?" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த 'நீங்க' அவரைச் சுவரோடு சாய்த்தது.

டாக்டர் இதற்குள் வாலுவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றவர், முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். நர்ஸைக் கூப்பிட்டு உள்ளே ஒரு படுக்கை தயார் செய்யச் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்துப் பேசினார். தராசுச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், நாடி ரொம்ப மெதுவாகப் போகிறது, உடம்பு எரிக்க ஒன்றும் இல்லாமல் இதயத்தையே தின்ன ஆரம்பித்திருக்கிறது, இன்று இவளை நான் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.

வாலு கையை உருவிக்கொண்டாள். முடியாது என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை, நீங்களே பார்த்தீர்களே, நான் நினைத்ததைவிட அதிகமாகத்தான் இருக்கிறேன், இப்போதுதான் நான் இன்னும் குறைக்கவேண்டும் என்றாள். கதவுப் பக்கம் நகர்ந்தாள். பேசுவது மகள்தானா, அவள் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு வேறு யாராவது பேசுகிறார்களா என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு நிதானமான குரல்.

டாக்டர் பலவந்தமாகப் பிடிக்கவேண்டாம் என்று சைகை காட்டினார். அந்த இதயம் ஓட்டத்தைத் தாங்காது.

தராசுக்காரர் கதவை மறைக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. பஸ்ஸில் தேடியபோது கிடைக்காத வார்த்தை இப்போது தானாக வந்தது.

"என்னை நம்பவேண்டாம். ஆனா அந்த மின்மினி உன் நம்பரை நம்பிட்டிருக்கா. நீயே போகாத இடத்துக்கு அந்தப் பிள்ளை போயிட்டிருக்கா."

வாலு நின்றாள். என் ஃபோனைப் பார்த்தீங்களா என்று கேட்க வாயைத் திறந்தவள் கேட்கவில்லை. ஃபோனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக எழுதி அழித்தாள். கடைசியில் குழுவில் போட்டாள். என் நம்பர் பொய், வீட்டு மெஷின் தப்பு, யாரும் அதைப் பார்த்துக் குறைக்காதீங்க, மின்மினி உடனே ஏதாவது சாப்பிடு, இதுதான் செய்தி.

பதில் வர நேரமாகவில்லை. குழுவை நடத்துகிறவள் தன்னை 'பெரிய இறகு' என்று சொல்லிக்கொள்கிறவள். அவள் யார், எந்த ஊர், எத்தனை வயது, பெண்தானா என்பதுகூட ஒருவருக்கும் தெரியாது. நேற்று வரை வாலுவைக் கண்ணே, கண்மணியே என்றவள். தோத்துப்போனவங்க இப்படித்தான் சாக்கு சொல்வாங்க என்று ஒரே வரி எழுதினாள். அடுத்த நொடி வாலுவைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டாள்.

எத்தனையோ ராத்திரி கண்விழித்து ஆறுதல் தேடிய இடம் கண்முன்னால் மூடிக்கொண்டது. வாலு வெறுமையாகிப்போன திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். சட்டைக்குள் கையில் அகப்பட்டதெல்லாம் எலும்பு. அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

வாலு முரண்டு பிடிக்கவில்லை. அம்மாவும் நர்ஸும் இருபுறமும் பிடித்துக்கொள்ள, உள்ளே போய்ப் படுத்தாள். மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். தலைமாட்டில் இருந்த சின்னத் திரையில் பச்சைக் கோடு எழுந்து, வெகுநேரம் யோசித்து, மறுபடி எழுந்தது. இரண்டு எழுச்சிக்கும் நடுவில் அப்பாவும் அம்மாவும் மூச்சுவிட மறந்து நின்றார்கள்.

அப்போது ஃபோன் ஒரு தடவை அதிர்ந்தது. குழுவிலிருந்து இல்லை. மின்மினியிடமிருந்து தனியாக ஒரு செய்தி. வாலு எழுதியதை அவள் படிப்பதற்குள் அழித்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு படம், அதற்குக் கீழே இரண்டு வரி.

'அக்கா, உங்க நம்பர் வந்துடுச்சு. ஆனா ஏன் இவ்வளவு குளிருது?'

வாலு பதில் எழுதினாள். கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. ஃபோன் நம்பர் கிடையாது, நிஜப் பெயர் கிடையாது, ஊர் தெரியாது. இருப்பது ஒரு பூனைப் படம்.

அவள் ஃபோனை அப்பாவிடம் நீட்டினாள். கண்ணில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதையும் மீறிய பயம் ஒன்று இப்போது சேர்ந்திருந்தது.

"நான் இங்கேயே படுத்திருக்கேன். குடுக்கறதைச் சாப்பிடறேன். நீ போய் அவளைக் கண்டுபிடி."

'நீ' திரும்பி வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குச்சிபோல் இரண்டு கால். பழைய தராசு. முள் வாலுவின் பொய் எண்ணில் நின்றது. ஓரத்தில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில், நகம் அளவு ஒரு சிவப்பு வில்லை.

பழைய தராசுகளை வாங்கிச் சரிசெய்து அவர் விற்றவை எத்தனையோ. இது எந்த வீட்டுக்குப் போனது என்று அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வேறொன்று மட்டும் திட்டவட்டமாகத் தெரிந்தது.

என்ன, தெரியுமா இந்த இடம் என்று அம்மா அவர் தோளைப் பிடித்தாள்.

"என் தராசு இது" என்றார். "இதுல நான் எதையும் மாத்தலை. இது காட்டறது நிஜம்."